மட்டலேனாவின் அடுப்படியில் வெள்ளிக்கிழமை

மட்டலேனாவைப் போல ஒரு சோம்பேறிச் சமையல்காரியை நான் பார்த்ததில்லை. அவள் சமைத்ததைச் சாப்பிட்டுப் பழகிய பிறகு வேறு வீட்டுச் சாப்பாடு எனக்கு இறங்கியதும் இல்லை. இந்த இரண்டும் எப்படி ஒரே ஆளிடம் சேர்ந்தன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் பஸ் டிரைவர். தலைநகர் அப்பியாவுக்கும் எங்கள் ஊர் வாயுலாவுக்கும் நடுவே நாளுக்கு நான்கு நடை ஓட்டுகிறேன். அவள் வீடு என் வீட்டுக்கு அடுத்த வீடு. அவள் அடுப்புப் புகை என் ஜன்னல் வழியாக வந்து வாசல் வழியாகத்தான் வெளியே போகும். அந்த உரிமையில் சொல்கிறேன்.

அவளுக்குத் தொழில் தையல். எங்கள் ஊரிலும் பக்கத்து நான்கு ஊர்களிலும் பள்ளிச் சீருடை போட்ட எந்தப் பிள்ளையின் முதுகைத் தொட்டாலும் அவள் போட்ட தையல் கையில் தட்டுப்படும். புருஷன் பேலே சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை கிடையாது. காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலப் பிரார்த்தனைக்குச் சங்கு ஊதும்வரை எழுந்திருக்க அவளுக்குப் பிடிக்காது. அதற்காகவே மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியிலேயே போட்டுவிட்டாள். அடுப்படி என்றால் வீட்டுக்குப் பின்னால் நான்கு கம்பம், மேலே தகரம், நடுவில் மூன்று கல். உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் அடுப்பு எட்டும், காலை நீட்டினால் விறகு எட்டும்.

மற்றவர்கள் சமையலை மணிக்கணக்கில் அளப்பார்கள். அவள் எழுந்திரிப்புக் கணக்கில் அளந்தாள். தேங்காய்ப்பால் பன் இரண்டு எழுந்திரிப்பு. மாவைப் பிசைந்து மூடிவைக்க ஒன்று. உப்பியதும் உருட்டித் தட்டில் அடுக்கி, சர்க்கரை போட்ட தேங்காய்ப்பாலை மேலே ஊற்றிக் கணப்பில் தள்ள ஒன்று. வெந்ததை எடுக்க மூன்றாவதாக ஒன்று வேண்டாமா என்றால், வாசனைக்கு யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள் என்பாள். பெரும்பாலும் அது நான்தான். பப்பாளிக் கஞ்சி மூன்று எழுந்திரிப்பு, காரணம் ஜவ்வரிசி டப்பா உயரத்தில் இருந்தது. மாம்பழத்துக்கு எழுந்திரிப்பே கிடையாது. மரம் தகரத்துக்குமேல் சாய்ந்து நின்றது. டிசம்பர் வந்தால் பழம் தகரத்தில் உருண்டு அவள் மடியில் விழும். அந்த மாதம் தைத்த சட்டைகளில் மஞ்சள் கறை இருக்கும், யாரும் கேட்கமாட்டார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் கைவசம் இருந்த பெரிய வித்தை, டின் மீன் போட்ட சேம்பிலைப் பொட்டலம். சேம்பிலையைக் குழியாகப் பிடித்து, அதில் வெங்காயம், உப்பு, டின் மீன், கெட்டித் தேங்காய்ப்பால் எல்லாம் போட்டுச் சுருட்டி, வாழையிலையில் கட்டிக் கணப்பில் புதைத்துவிட வேண்டியது. இரண்டே எழுந்திரிப்பு. இந்தப் பொட்டலத்தால்தான் வினை வந்தது.

அவளுக்கு ஒரு தம்பி, தனியேலு. எங்கள் சமோவாவிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் பாகோவில், அமெரிக்காக் கொடி பறக்கிற இன்னொரு சமோவாவில், மீன் டப்பாத் தொழிற்சாலையில் மேஸ்திரி. விமானத்தில் அரை மணி நேரத் தூரம். அவனைத் தவிர அவளுக்கு ரத்த சொந்தம் என்று யாரும் மிச்சமில்லை. சின்ன வயதில் அவர்கள் வீட்டில் வேலை பிரிந்திருந்த விதத்தை அவள் தைத்துக்கொண்டே பல தடவை சொல்லியிருக்கிறாள். அக்கா தேங்காய் துருவிப் பால் பிழிவாள். தம்பி அடுப்பு முன்னால் உட்கார்ந்து அது அடிபிடிக்காமல் கிண்டுவான். அடிபிடித்தால் அவர்கள் அம்மா ஈர்க்கு விளக்குமாற்றை எடுப்பாள். அடி அக்காவுக்கு விழாது, கிண்டியவனுக்குத்தான்.

2002-ல் வெள்ளை ஞாயிறு அன்று, சின்னப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை போட்டு விருந்து வைக்கிற அந்த நாளில், தனியேலு ஊருக்கு வந்திருந்தான். கோயில் மண்டபத்தில் இருநூறு பேர். முந்தின நாள் ராத்திரிவரை நாற்பது வெள்ளைச் சட்டை தைத்துவிட்டு, மட்டலேனா தன் பங்குக்கு இரண்டு எழுந்திரிப்பில் பொட்டலம் செய்து கொண்டுவந்திருந்தாள். தனியேலு ஒன்றைப் பிரித்து ஒரு வாய் வைத்தான். முகம் மாறியது. அவன் மூடிய டப்பாவை அவனுக்குத் தெரியாதா? எழுந்து நின்றே கேட்டுவிட்டான்.

“நாள் பூரா நான் அங்க மூடற டப்பாவ, நீ இங்க ஞாயித்துக்கிழமை தொறந்து எனக்கே போடறியா? ஒரு நல்ல நாளுக்குக்கூட உனக்கு ஒடம்பு வளையாதா?”

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது. எங்கள் ஊரில் தம்பி என்பவன் முதல் கவளத்தை அக்காவுக்கு வைத்துவிட்டுத் தான் சாப்பிட வேண்டியவன். அவளை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைப்பது லேசான காரியம் இல்லை. மட்டலேனா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்போ இனிமே என் அடுப்படிப் பக்கம் வராத.”

“வரல. எனக்கு அறுபது ஆகற அன்னிக்கு வர்றேன். உன் அடுப்படியில உக்காந்து சாப்பிடறேன். அதுக்கு ஒரு நாள் முன்னாடியும் வரமாட்டேன், ஒரு நாள் பின்னாடியும் வரமாட்டேன்.”

அப்போது அவனுக்கு ஐம்பது. கோபத்தில் வாய்க்கு வந்த பெரிய எண் அறுபது, அவ்வளவுதான். ஆனால் சொன்னபோது கை வேதப் புத்தகத்தின்மேல் இருந்தது. போதகர் கேட்டார், ஊர்ச் சபைத் தலைவர் மூலிப்போலா கேட்டார், இருநூறு பேர் கேட்டோம். சாயங்காலத்துக்குள் இரண்டு பேருக்கும் மனசு கரைந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அவனைத் துறைமுகத்தில் விட்டது என் பஸ்தான், வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான். ஆனால் குடும்பத் தலைவன் என்று ஊர்ப் பட்டம் வாங்கிய ஆள் சபை முன்னால் கொடுத்த வாக்கை என்ன செய்வது? ஒன்பது வருஷம் அவன் வரவில்லை. அவனுடைய எனாமல் தட்டை அவள் அடுப்படிக் கம்பத்தில் ஆணி அடித்து மாட்டிவைத்தாள். தினமும் அதைக் கழுவி மாட்டுவாள், அதற்கு மட்டும் எழுந்திரிப்புக் கணக்குப் பார்த்ததில்லை.

தனியேலு பிறந்தது 1951, டிசம்பர் 30. அறுபது நிறைவது 2011, டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. இதை அவள் மெஷினின் மரப்பலகையில் ஊசியால் கீறி வைத்திருந்தாள்.

எங்கள் அரசாங்கம் அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் சாலையை மாற்றியிருந்தது. அதுவரை வலப்பக்கம் போய்க்கொண்டிருந்த எங்களை ஒரே காலையில் இடப்பக்கம் போகச் சொன்னார்கள். என் பஸ்ஸின் கதவு நடுரோட்டில் திறந்தது. ஒரு மாதம் பயணிகள் எதிர் வண்டியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இறங்கினார்கள். சரி, அதைப் பொறுத்துக்கொண்டோம். 2011-ல் கிழமையை மாற்றினார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் என்ன கிழமையோ அதே கிழமைதான் இங்கேயும் இருக்க வேண்டும், வியாபாரத்துக்கு அதுதான் வசதி என்றார்கள். அதற்காக ஒரு நாளை எடுத்துவிட வேண்டும். வருஷத்தில் முந்நூற்றறுபத்தைந்து நாள் இருக்க, அவர்கள் எடுத்தது டிசம்பர் 30. வியாழன் ராத்திரி படுத்தால் சனிக்கிழமை காலையில் எழுந்திருப்போம். பாகோக்காரர்கள் மாறவில்லை. அவர்கள் வெள்ளிக்கிழமை அவர்களிடம் பத்திரமாக இருந்தது.

வானொலியில் இதைக் கேட்டபோது மட்டலேனா மெஷினை நிறுத்தினாள். அந்த மெஷின் பகலில் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு நாள் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை என்றவன் அவன். அந்த நாள் போய்விட்டால் அவன் எந்த நாளில் வருவான்? போதகர் வீட்டுத் தொலைபேசியில் நான்தான் அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். தேதியை என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னான். பிறகு, அரசாங்கமே எடுத்துவிட்ட பிறகு தான் என்ன செய்ய முடியும் என்று கேட்டு வைத்துவிட்டான்.

ஊர்ச் சபை மூன்று முறை கூடியது. வியாழன் முடிந்து சனி தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன இடுக்கு இருக்கும், அந்த இடுக்கில் அவன் ஒரு வாய் சாப்பிட்டுவிடலாம் என்றார் ஒருவர். இடுக்கு எவ்வளவு அகலம் என்று மூலிப்போலா கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தன்னால் எழுந்திருக்க முடியாது என்று மட்டலேனா சொல்லி அனுப்பினாள். இரண்டு நாட்டுக்கும் நடுக்கடலில் படகை நிறுத்தி அங்கே சமைக்கலாம் என்று மீன்காரர் ஒருவர் தன் படகைத் தர முன்வந்தார். வாக்கு அடுப்படி என்பதால் மூன்று கல்லையும் ஏற்றித் தீ மூட்ட வேண்டும் என்றதும் படகு பழுது என்றுவிட்டார். கல்லோடு மட்டலேனாவே பாகோவுக்குப் போய்விட்டால் என்ன என்று நான் கேட்டேன். அதற்கு அவள் நேரில் வந்தே பதில் சொன்னாள்.

“திட்டினது அவன். கல்லத் தூக்கிட்டு நான் போகணுமா?”

மூன்றாவது கூட்டத்தில் மூலிப்போலா ஒரு தீர்மானம் சொன்னார். அவர் நாற்பது வருஷம் சபைத் தலைவர், அதைவிடப் புத்திசாலித்தனமான ஒரு தீர்மானத்தை அவர் சொன்னதில்லை. அரசாங்கம் வெள்ளிக்கிழமையை எடுத்தது நாட்டிலிருந்து. மட்டலேனாவின் அடுப்படிக்கு மின்சாரம் கிடையாது, குழாய் கிடையாது, அரசாங்க ஏட்டில் அப்படி ஒரு கட்டடமே கிடையாது. இல்லாத கட்டடத்துக்குள் இல்லாத நாள் இருந்துவிட்டுப் போகட்டும். வியாழன் முடிந்ததும் ஊர் சனிக்கிழமைக்குப் போகும். அடுப்படி மட்டும் வெள்ளிக்கிழமையில் நிற்கும். எல்லோரும் கை உயர்த்தினோம். அன்று சாயங்காலமே வெள்ளையடித்த கல் கொண்டுவந்து அடுப்படியைச் சுற்றி வரிசையாக வைத்தோம். தனியேலுவுக்குச் செய்தி போனது. வந்து பார்க்கிறேன் என்றான்.

மட்டலேனா அடுப்படியைச் சுற்றித் துணி கட்டினாள். அறுபது வயது விருந்து, மூன்று நாள் சமையல், டப்பாவைத் தொடப் போவதில்லை, யாரும் உள்ளே வரக்கூடாது என்று அறிவித்துவிட்டு உள்ளே போனாள். ஊரே வாயைப் பிளந்தது. மெஷின் சத்தம் கேட்கவில்லை. கத்தி, கரண்டிச் சத்தமும் கேட்கவில்லை. கொஞ்சம் புகை மட்டும் என் ஜன்னலுக்கு வந்தது. பெரிய சமையல் அப்படித்தான் அமைதியாக நடக்கும் என்று மூலிப்போலா எங்களுக்கு விளக்கினார்.

சனிக்கிழமை விடிந்தது. கோழி ஒன்று கல்லுக்கு உள்பக்கம் முட்டையிட்டது. அது வெள்ளிக்கிழமை முட்டையா, சனிக்கிழமைக் கோழி இட்டதால் சனிக்கிழமை முட்டையா என்று இரண்டு பேர் காலையிலேயே சண்டை போட்டார்கள். நாளை ஊரில் ஞாயிறாக இருக்கும்போது அடுப்படியில் சனிதானே, அங்கே வேலை செய்தால் பாவம் உண்டா என்று உபதேசியார் கவலைப்பட்டார். நான் மறந்துபோய் வழக்கம்போல மாம்பழம் பொறுக்கக் கல்லைத் தாண்டினேன். துணிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“காலக் கழுவிட்டு வா தம்பி. சனிக்கெழம மண்ண உள்ள கொண்டு வராத.”

பத்தரைக்கு விமானம். ஒன்பது வருஷத்தில் தனியேலுவின் தலை முழுக்க வெளுத்திருந்தது. மடியில் கயிறு கட்டிய ஒரு அட்டைப்பெட்டி. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பாஸ்போர்ட்டைப் பிரித்து என் மூக்குக்குக் கீழே நீட்டினான். முத்திரை பளிச்சென்று இருந்தது, டிசம்பர் 31.

“காலைல எந்திரிச்சப்ப எனக்குப் பொறந்தநாள். ஒம்போது மணிக்குக் கெளம்பினேன். அர மணி நேரம்தான் பறந்தேன். எறங்கினா மறுநாளாம், கோடைக் கணக்குன்னு ஒரு மணி நேரமும் கூடச் சேத்துப் பத்தரங்கறாங்க. என் பொறந்தநாள யாருய்யா எடுத்தீங்க?”

அதெல்லாம் சபை ஏற்பாடு செய்திருக்கிறது என்று சொல்லி ஓட்டிக்கொண்டு வந்தேன். வெள்ளைக் கல்லுக்கு அருகில், முன்சக்கரம் உரசும்படி நிறுத்தினேன். மூலிப்போலா வரவேற்புரையை அரை மணி நேரம் பட்டங்களோடு பேசினார். தனியேலு பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அதே அளவு பட்டங்களோடு நன்றி சொன்னான். பிறகு, அடுப்படி வெள்ளிக்கிழமையாகவே இருக்கட்டும், தான் உட்கார்ந்திருப்பது சனிக்கிழமையில், இறங்கி நடக்கப் போவதும் சனிக்கிழமை மண்ணில், கையில் முத்திரை இருக்கிறது, ஆகவே ஒரு நாள் பிந்திவிட்டது என்று அமைதியாகச் சொன்னான். சாயங்கால விமானத்தில் திரும்பிவிடுவானாம்.

வருஷக் கடைசி நாள். அப்பியாவுக்குப் போக ஊரே மூட்டையோடு நிற்கிறது. இவன் என் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறான். எனக்கு ரத்தம் கொதித்தது. பஸ்ஸைக் கிளப்பி மெதுவாக முன்னால் விட்டேன். முன்சக்கரம் கல்லைத் தாண்டியது. முன்சீட்டு இப்போது வெள்ளிக்கிழமையில் இருக்கிறது, நடக்க வேண்டியதில்லை, இறங்கினால் போதும் என்றேன். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து, பின்னால் போய்க் கடைசிச் சீட்டில் உட்கார்ந்தான்.

ஒரு மணி ஆனது. இரண்டு ஆனது. சபைக்காரர்கள் மாமர நிழலில் தூங்கினார்கள். நான் பின்னால் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் பார்வை அந்தத் துணியை விட்டு நகரவில்லை.

“அக்கா எளைச்சுட்டாளா?” என்று கேட்டான்.

“எறங்கிப் போய்ப் பாருங்களேன்.”

“ஒரு தடவ நாலு பேர் முன்னாடி அவள அவமானப்படுத்தினேன். அவளுக்குக் குடுத்த வாக்கையும் பொய்யாக்கினா அது ரெண்டாவது தடவ இல்லையா?”

எனக்குக் கோபம் போய்விட்டது. அவன் வந்து எட்டும் தூரத்தில் இருக்கிறான், அவள் எட்டும் தூரத்தில் இருக்கிறாள், இன்று சாயங்காலம் போய்விட்டால் இனி வருவதற்கு அவனிடம் நாளே இல்லை. அந்தக் கிழட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் அழுதுவிடுவேன் போலிருந்தது.

மூன்று மணி இருக்கும். தனியேலு மூக்கைச் சுளித்தான். ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினான். எனக்கும் வந்தது அந்த வாசனை. தேங்காய்ப்பால் கொதித்து, வற்றி, அடிபிடிக்கத் தொடங்குகிற வாசனை.

“அக்கா, பால்,” என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல.

புகை தடித்தது. அவன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். வாசனை கருகலாக மாறிய நிமிஷம் அவனை யாரும் பிடித்திருக்க முடியாது. அட்டைப்பெட்டி என் காலில் விழுந்தது. பட்டம் வாங்கிய அறுபது வயது மனுஷன், அம்மா விளக்குமாற்றோடு பின்னால் வருவதைப்போல, ஒரு செருப்பைக் கடைசிச் சீட்டுச் சனிக்கிழமையில் விட்டுவிட்டு, பஸ் முழுக்க ஓடி, படியில் குதித்து, துணியைக் கிழித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். நானும் பின்னாலேயே ஓடினேன். அவன் வெறுங்கையால் பானையைத் தூக்கிக் கீழே வைத்திருந்தான். மட்டலேனா மெஷின் முன்னால், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அடிபிடிக்குது, பாத்துக்கிட்டே உக்காந்திருக்கியே!”

“கிண்டறது உன் வேலதானடா,” என்றாள் அவள்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் அவன் கையைப் பிடித்துக் குடத்துத் தண்ணீருக்குள் அமுக்கினாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதார்கள். நாங்கள் கிழிந்த துணியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றோம். அவன் இருக்கிற இடம் அடுப்படி, அங்கே வெள்ளிக்கிழமை, அவனுக்கு அன்றுதான் அறுபது என்று மூலிப்போலா சபைக்கு உரக்க அறிவித்தார். இடையில் மிதித்த சனிக்கிழமையை யாரும் பார்க்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

மூன்று நாள் சமையல் கருகிப்போயிற்றே என்று தனியேலு பானையைப் பார்த்தான். வேறு என்ன இருக்கிறது என்று கேட்டான். சேம்பிலை இருக்கிறது, வெங்காயம் இருக்கிறது, தேங்காய் இருக்கிறது, மீன்தான் இல்லை என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் பெட்டியை எடுத்துவரச் சொன்னான். கயிற்றை அவிழ்த்தால் உள்ளே இருபத்துநான்கு டின் மீன். திறந்தவன் அவன், இலையில் வைத்தவன் அவன், கணப்பில் புதைத்தவனும் அவன். வெந்ததும் முதல் கவளத்தை எடுத்து அக்கா வாயில் வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய தன் தட்டைக் கையை நீட்டி எடுத்தான். மூன்று பொட்டலம் சாப்பிட்டான். பிறகு எழுந்து நின்று, மண்டபத்தில் பேசிய அதே குரலில், வெளியே நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

“நல்லா இருக்குக்கா.”

சாயங்கால விமானம் அவனை விட்டுவிட்டுப் போனது. அவன் பப்பாளிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். ஜவ்வரிசி டப்பாவை எட்டி எடுத்தவனும் அவன்தான்.

சபை அந்தத் தீர்மானத்தை ரத்து செய்ய மறந்துவிட்டது. அதனால் அவள் அடுப்படி இன்றைக்கும் ஊருக்கு ஒரு நாள் பின்னால்தான் நிற்கிறது. தனியேலு வேலையை விட்ட பிறகு மாதம் ஒரு முறை பாகோவிலிருந்து புறப்பட்டு, புறப்பட்ட கிழமையிலேயே வந்து சாப்பிடுகிறான். முத்திரையை இப்போதெல்லாம் யாரிடமும் காட்டுவதில்லை.

ஒன்றை மட்டும் நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கருகிய பானையை மறுநாள் கடற்கரைக்குக் கொண்டுபோய் மணல் போட்டுத் தேய்த்தது நான். அரை நாள் தேய்த்தேன். மூன்று நாள் சமைத்த விருந்தில் ஒரு முள்ளாவது, ஒரு நண்டு ஓடாவது இருக்க வேண்டாமா? அடியில் ஒட்டியிருந்தது ஒரு கோப்பைத் தேங்காய்ப்பாலும் கொஞ்சம் வெங்காயத் தோலும்தான். பானையைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, மூணு நாளா என்னதான் சமைச்சீங்க?”

“நாளே இல்லைன்னு ஆயிடுச்சு. அந்த நாளைக்குச் சமையல் மட்டும் எதுக்கு? நல்லாத் தூங்கினேன்.”

“அப்போ அவர் இறங்கமாட்டார்னு முன்னாடியே தெரியுமா?”

“என் தம்பிய எனக்குத் தெரியாதா? அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடவும் வரமாட்டான். டப்பாக் கம்பெனிக்காரன் வேற என்னத்தக் கொண்டு வருவான்?”

நான் பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“இதுக்கு எத்தன எழுந்திரிப்புக்கா?”

அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

“ஒண்ணுகூட இல்ல தம்பி. நான் உக்காந்த எடத்துலதான் இருந்தேன். அவன்தான் எந்திரிச்சு வந்தான்.”